மணியில் துணி அடைத்தவன்

"சைக்கிள நிறுத்துப்பா!"

கெலமங்கலம் தாண்டி ராயக்கோட்டை போகிற வழியில், ஏற்றம் முடிகிற இடத்தில்தான் அந்தக் குரல் வந்தது. மார்கழி மாதம். வெயில் ஏறியும் பனி முழுசாக விலகவில்லை. எதிரே ராயக்கோட்டை மலை பாதிதான் தெரிந்தது. சாலை நெடுக கொள்ளுச் செடியைப் பிடுங்கி வந்து பரப்பியிருந்தார்கள். லாரியும் பஸ்ஸும் ஏறி மிதித்துப் போனால் கொள்ளு தானாக உதிர்ந்துவிடும். லாரிக்குச் சரி, சைக்கிள்காரன் என்ன செய்வான்? கொடி சக்கரத்தில் சுற்றிக்கொண்டது. இறங்கி, வைதுகொண்டே தள்ளிக்கொண்டு போனேன்.

குரல் கொடுத்த அம்மாளுக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். கையில் முறம். நேராக வந்து என்னைப் பார்க்காமல் சைக்கிளைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். ஹேண்டில்பாரில் கட்டியிருந்த மாட்டு மணியைப் பிடித்து ஆட்டினார். சத்தம் வரவில்லை. மணிக்குள் விரலை விட்டு, நான் அடைத்து வைத்திருந்த துணியை உருவி எடுத்தார்.

"அய்யய்யோ, இங்க வாங்க எல்லாரும்! நம்ம முருகு சைக்கிளத் திருடிகினு போறான். சத்தம் வரக்கூடாதுன்னு மணியில துணி அடைச்சினு போறான் பாருங்க!"

கொள்ளு புரட்டிக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் தடியோடு வந்துவிட்டார்கள்.

ஒரு சைக்கிள், இரண்டு பேர்

சில வாரங்களுக்கு முன் இந்தத் தொடரில் முருகானந்தம் என்ற பெயரை ஒரே வரியில் சொல்லிவிட்டுத் தாண்டிப் போனேன். 'உங்கள் அறையில் இருந்த அந்தத் தம்பி என்ன ஆனார்?' என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. தாண்டிப் போனதற்குக் காரணம், அவனைப் பற்றி என்ன எழுதுவது என்று எனக்குத் தெரியாததுதான்.

ஓசூரில் சிப்காட் பின்னால் வரிசையாகக் கட்டிவிட்ட அறைகளில் ஒன்று எங்களுடையது. எங்களுடையது என்றால் நானும் முருகுவும். இருவரும் வேறு வேறு கம்பெனி. எனக்குக் காலை ஷிப்ட் என்றால் அவனுக்கு இரவு. எனக்கு இரவு வந்தால் அவனுக்குக் காலை. வாரா வாரம் ஷிப்ட் மாறும், ஆனால் இருவருக்கும் சேர்ந்தே மாறித் தொலையும். நான் கம்பெனி பஸ்ஸில் ஏறும்போது அவன் இன்னொரு கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்குவான். "வாரேன் தம்பி", "சரிண்ணே." அன்றைய பேச்சு அதோடு முடிந்தது. நடுவில் கிடைக்கிற சாயங்காலத்தை ஒருவருக்கு ஓவர்டைமும் மற்றவருக்குத் தூக்கமும் தின்றுவிடும்.

வார விடுமுறையாவது ஒன்றாக வந்ததா? எனக்குப் புதன், அவனுக்கு ஞாயிறு.

எனக்கு அப்போது நாற்பதைத் தாண்டியிருந்தது. கல்யாணம் ஆகவில்லை. பெண் பார்த்துப் பார்த்து எனக்கு முன்னால் என் சொந்தக்காரர்களுக்கு அலுத்துவிட்டது. அம்மா கோவில்பட்டியில் அண்ணன் வீட்டில் இருந்தார். புதன்கிழமை ஊரே வேலைக்குப் போய்விடும், நான் மட்டும் அறையில் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். எவ்வளவு நேரம்தான் ஒரு மனுஷன் சுவரைப் பார்ப்பான்?

அப்போதுதான் பெங்களூருக்காரர் ஒருவர் தன்னுடைய பழைய கியர் சைக்கிளை விற்கப்போவதாகக் கேள்விப்பட்டு, நானும் முருகுவும் ஆளுக்குப் பாதி போட்டு வாங்கினோம். பழுத்த தக்காளி நிறம். ஒரு மைலுக்கு அப்பாலிருந்து பார்த்தாலும் கண்ணைக் குத்தும். ஞாயிறு அவன் ஓட்டுவான், புதன் நான் ஓட்டுவேன்.

சீட்டுச் சண்டை, மணிச் சண்டை

முருகு நெட்டை. நான் அப்படி இல்லை. புதன் காலை சைக்கிளை எடுத்தால் சீட்டு என் இடுப்புக்கு மேலே நிற்கும். ஸ்பேனரை எடுத்து, சீட்டுக் கம்பியைத் தளர்த்தி, கீழே இறக்கி, மறுபடி முடுக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை அவன் ஏற்றிக்கொள்வான். யார் முதலில் போட்டது என்று ஞாபகமில்லை, கம்பியில் அரத்தால் இரண்டு கோடு கீறியிருந்தோம். மேல் கோடு அவனுக்கு, கீழ்க் கோடு எனக்கு.

ஒரு புதன்கிழமை பார்த்தால் ஹேண்டில்பாரில் மாட்டு மணி. வெண்கல மணி, கருப்புக் கயிற்றில் கட்டியிருந்தது. எங்கிருந்து பிடித்து வந்தானோ! சைக்கிள் ஒரு குழியில் இறங்கி ஏறினால் போதும், கணகணவென்று ஊரைக் கூட்டும். நாள் முழுக்க பிரஸ் மெஷின் சத்தத்தில் நிற்கிறவன் நான். கொஞ்சம் சத்தமில்லாமல் இருக்கலாம் என்றுதானே மலைப்பக்கம் போகிறேன்? கம்பெனியில் எண்ணெய் துடைக்கிற பனியன் வேஸ்ட் துணியைச் சுருட்டி மணிக்குள் அடைத்தேன்.

அடுத்த புதன் பார்த்தால் துணி இல்லை. மறுபடி அடைத்தேன். அவன் எடுத்தான், நான் அடைத்தேன். மாதக் கணக்கில் இது நடந்தது. இதைப் பற்றி நாங்கள் ஒரு வார்த்தை பேசியதில்லை.

அந்தப் புதன்கிழமைகளில் நான் போகாத இடமில்லை. பாகலூர்ப் பக்கம் இடிந்த கோட்டை மதில், தேன்கனிக்கோட்டை ஏற்றம், சூளகிரி மலை அடிவாரம். எந்தக் கிராமத்துக்குள் நுழைந்தாலும் முதல் வாக்கியம் கன்னடமா, தெலுங்கா, தமிழா என்று சொல்ல முடியாது. ஆனால் கேள்வி ஒன்றுதான். தனியாகவா வந்தாய்? ஆமாம் என்பேன். அடுத்து என்ன கேட்பது என்று அவர்களுக்கும் தெரியாது, என்ன சொல்வது என்று எனக்கும் தெரியாது. டீயைக் குடித்துவிட்டுக் கிளம்புவேன். ஞாயிற்றுக்கிழமை பெங்களூரிலிருந்து இறுக்கமான டவுசர் போட்டுக் கூட்டமாகச் சைக்கிளில் வருகிறவர்களை யாரும் இப்படிக் கேட்பதில்லை.

போனை அறையிலேயே விட்டுவிட்டுத்தான் கிளம்புவேன். நம்மை யார் தேடப்போகிறார்கள் என்ற வீம்பு. கம்பெனி அடையாள அட்டையும் அறையில்தான் தொங்கும். அதனால்தான் அன்றைக்கு வசமாக மாட்டினேன்.

வேடியப்பன் முன்னால்

சைக்கிளைப் பிடுங்கி வைத்துக்கொண்டு, என்னைச் சாலையோரப் புங்க மரத்தடியில் உட்கார வைத்தார்கள். அடிக்கவில்லை. அடித்திருந்தால்கூட இவ்வளவு அவமானமாக இருந்திருக்காது.

மரத்தடியில் ஒரு நடுகல் இருந்தது. வில்லைப் பிடித்து நிற்கிற ஒரு வீரன், காலடியில் மாட்டுக் கூட்டம். எண்ணெயும் மஞ்சளும் பூசிப் பூசி முகம் வழவழப்பாகிப் போயிருந்தது. இந்தப் பக்கம் இப்படிக் கற்கள் ஏராளம். முற்காலத்தில் மாடு திருட வந்தவர்களோடு சண்டை போட்டு, மாடுகளை மீட்டுச் செத்தவர்களுக்கு நட்ட கல். பெயர் யாருக்கும் தெரியாது. வேடியப்பன் என்று சொல்லிப் பொங்கல் வைத்துக் கும்பிடுகிறார்கள்.

மாடு மீட்டவன் எதிரே மாட்டு மணியில் துணி அடைத்தவன். என் நிலைமை புரிகிறதல்லவா?

அந்த அம்மாள் பெயர் முனிரத்தினம்மா. அவர் கணவர் சென்னப்பா, தலையில் மப்ளர் சுற்றிக்கொண்டு எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு மனைவியிடம் தெலுங்கில், "வீடு தொங்க மாதிரி லேடே" என்றார். கோவில்பட்டிப் பக்கம் தெலுங்கைக் காதில் கேட்டே வளர்ந்தவன் நான். திருடன் மாதிரி இல்லையே என்கிறார். உயிர் வந்தது.

"தொங்கலு அட்லே உண்டாரு" என்றார் முனிரத்தினம்மா. திருடன் அப்படித்தான் இருப்பானாம். வந்த உயிர் போய்விட்டது.

"ஏம்மா, நான் திருடன் இல்ல. முருகு என் ரூம்ல இருக்கிற பையன். ரெண்டு பேரும் சேந்து வாங்கின சைக்கிள் இது."

"அந்த மணி யார் கட்னது தெரியுமா? நான் கட்னது. மொத தடவ வந்தப்ப என் கன்னுக்குட்டி மேலயே ஏத்தப் பாத்தான் அந்தப் புள்ள. அதான் குந்தாரப்பள்ளி சந்தையில வாங்கியாந்து கட்டி உட்டேன். நீ எதுக்குத் துணி அடைச்ச? மாடு ஓட்டிகினு போற திருடன்தான் மணியில துணி அடைப்பான்."

சத்தம் பிடிக்கவில்லை என்று சொன்னேன். சுற்றி நின்றவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மணிச் சத்தம் பிடிக்காத மனுஷன் ஒருவன் இருப்பான் என்று அவர்களால் நம்ப முடியவில்லை.

முனிரத்தினம்மா முருகுவுக்குத் திரும்பத் திரும்பப் போன் போட்டார். ஸ்விட்ச் ஆஃப். அவன் கம்பெனியில் போனை வாசல் கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். அந்த வாரம் அவனுக்குக் காலை ஷிப்ட். மதியம் இரண்டு மணிக்குப் பிறகுதான் வெளியே வருவான் என்றேன்.

"சரி, அதுவரைக்கும் இங்கயே இரு" என்றார் சென்னப்பா. பிறகு நிதானமாக விசாரணையை ஆரம்பித்தார்.

"முருகு எந்த ஊரு?"

"பட்டுக்கோட்டைப் பக்கம்."

"பக்கம்னா எது?"

தெரியவில்லை.

"அவங்க அம்மா பேரு என்னா?"

தெரியவில்லை.

"தங்கச்சி ஒண்ணு இருக்குதே, அது என்னா பண்ணுது?"

தங்கை இருப்பதே அப்போதுதான் தெரியும்.

"ஏம்பா, ஒரே ரூம்ல இருக்கறேன்ற. ஒரு வருசத்துக்கு மேல ஆச்சுன்ற. ஒண்ணுமே தெரியலியே ஒனக்கு?"

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "அவன் வரும்போது நான் போறேன், நான் வரும்போது அவன் போறான். எங்க பேச?" என்று கத்தினேன்.

எனக்குத் தெரிந்தது எல்லாம் வேறு. டீ குடித்த தம்ளரை அவன் கழுவிக் கவிழ்த்து வைப்பான். ஈரத்துண்டை என் சட்டை மேல் படாமல் தள்ளிப் போடுவான். அறையில் ஒரே பாய்தான். நான் இரவு ஷிப்ட் முடிந்து வந்து படுக்கும்போது, அவன் படுத்திருந்த இடத்தில் கொஞ்சம் சூடு இருக்கும். அந்தச் சூட்டில்தான் எனக்குத் தூக்கம் வரும். இதையெல்லாம் அந்தக் கூட்டத்தில் எப்படிச் சாட்சியாகச் சொல்வது?

"சீட்டுக்குக் கீழ கம்பியில ரெண்டு கோடு இருக்கும், பாருங்க. மேல் கோடு அவனுது. கீழ்க் கோடு என்னுது."

சென்னப்பா எழுந்து போய்க் குனிந்து பார்த்தார். தலையை ஆட்டினார்.

"திருடிகினு போறவன் அதப் பாத்திருக்க மாட்டானா?" என்றார் முனிரத்தினம்மா. வக்கீலுக்குப் படித்திருக்க வேண்டிய அம்மாள். மடியிலிருந்து ஒரு கற்பூரத்தை எடுத்துக் கல்லுக்கு முன்னால் வைத்துக் கொளுத்தினார். "இத பாரு, வேடியப்பன் முன்னாடி பொய் சொன்னா நல்லது இல்ல. முருகு ஒனக்கு யாரு? அத மட்டும் சத்தியம் பண்ணிச் சொல்லு. உட்டுர்றோம்."

சொந்தமா? இல்லை. ஒரே ஊரா? இல்லை. சிநேகிதமா? ஒருவேளைகூட உட்கார்ந்து சேர்ந்து சாப்பிட்டதில்லை, எந்த வாயால் சிநேகிதம் என்று சொல்வது? ஒரு வார்த்தை சொன்னால் போதும், சைக்கிளை எடுத்துக்கொண்டு வந்துவிடலாம். அந்த ஒரு வார்த்தை என்னிடம் இல்லை. நாற்பது வயதுக்கு மேல் ஒருவனுக்கு, இந்த உலகத்தில் யாரையாவது காட்டி இவன் எனக்கு இன்னார் என்று சத்தியம் பண்ண முடியவில்லை என்றால், அது என்ன பிழைப்பு?

கற்பூரம் எரிந்து தீர்ந்தது.

களி

மதியம் வந்தது. திருடனானாலும் சாப்பாடு போடாமல் வைத்திருக்க அந்த ஊருக்கு மனசு வரவில்லை. முனிரத்தினம்மா ஒரு தட்டில் கேழ்வரகுக் களி உருண்டையும் அவரைக்கொட்டைக் குழம்பும் கொண்டுவந்து வைத்தார். மார்கழி அவரை. குழம்பு மணம் மரத்தடி வரை முன்னாலேயே வந்துவிட்டது.

களியைப் பிட்டு வாயில் போட்டு மென்றேன். பல்லில் ஒட்டிக்கொண்டு மேலேயும் போகவில்லை, கீழேயும் போகவில்லை. சுற்றி நின்ற பெண்கள் சிரித்துவிட்டார்கள்.

"மெல்லாத. கொழம்புல தொட்டு அப்புடியே முழுங்கு" என்றார் முனிரத்தினம்மா. "அந்தப் புள்ளையும் மொதல்ல இப்புடித்தான் மென்னுகினு கெடந்தான். இப்ப மூணு உருண்டை முழுங்குறான்."

அப்போதுதான் அவர் சொல்லச் சொல்ல எனக்கு விஷயம் தெரிந்தது. முருகு ஞாயிறுதோறும் இங்கேதான் வருகிறான். ராயக்கோட்டை மண்டிக்குப் போகிற தக்காளிக் கூடைகளை வண்டியில் ஏற்றிக் கொடுக்கிறான். சாப்பிட்டுவிட்டு இந்தப் புங்க மரத்தடியில் ஒரு தூக்கம் போடுகிறான். சாயங்காலம் கிளம்பிப் போகிறான். நான் ஊர் ஊராகச் சுற்றி ஒருவரையும் பழக்கம் பிடிக்காமல் திரும்பிக்கொண்டிருந்தேன். அவன் ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போயிருக்கிறான்.

எனக்குப் பொறாமையாக இருந்தது. வேறு என்ன, பொறாமைதான்.

போனில் ஒரு குரல்

இரண்டரை மணி வாக்கில் முனிரத்தினம்மாவின் போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டார். பின்னால் கம்பெனி பஸ் உறுமுகிற சத்தம்.

"என்னம்மா, இத்தன தடவ கூப்புட்டிருக்கீங்க?"

"முருகு, ஒன் சைக்கிளத் திருடிகினு போன ஆளப் புடிச்சி வெச்சிருக்கறோம். ஒன் ரூம்ல இருக்கறேன்றான். கேட்டா ஒன்னப் பத்தி ஒண்ணுமே தெரியல."

பஸ் சத்தத்துக்கு மேலே அவன் கத்தினான்.

"அய்யோ அம்மா, அது எங்க அண்ணன்! அவர விடுங்க மொதல்ல. சாப்பாடு குடுத்தீங்களா?"

சென்னப்பா லேசில் விடுகிற ஆளில்லை. போனை வாங்கினார். "இரு, இரு. ஒன் அண்ணன்னா அவரப் பத்திச் சொல்லு பாக்கலாம். அவருக்குத்தான் ஒன்னப் பத்தித் தெரியல. ஒனக்காச்சும் தெரியுதா பாப்போம். அவரு எந்த ஊரு, அம்மா பேரு என்னா?"

"கோவில்பட்டிங்கய்யா. அம்மா பேரு சண்முகத்தாய். அண்ணனுக்கு வலது முட்டி வலி, தைலம் தேய்க்காம தூங்க மாட்டாரு. கத்தரிக்கா ஆகாது, ஒடம்பு அரிக்கும். கொழம்புல கத்தரிக்கா போட்டீங்களாம்மா?"

"இல்லப்பா, வெறும் அவரதான்" என்றார் முனிரத்தினம்மா. அவர் குரலே மாறிப் போயிருந்தது.

நான் போனை வாங்கினேன். "தம்பி, இதெல்லாம் ஒனக்கு எப்படித் தெரியும்?"

"ஒங்க அம்மா சொல்லும்ணே. புதன்கிழமை லீவுன்னு ஒங்களுக்குப் போன் அடிக்கும்ல, நீங்க எடுக்க மாட்டீங்க. சாயந்தரம் எனக்கு அடிக்கும். அவசரத்துக்குன்னு என் நம்பரு நீங்கதானே குடுத்திருக்கீங்க. எம்புள்ள சாப்புட்டானா, தூங்குனானான்னு கேக்கும். நானும் ரூமப் பாத்து எதாவது சொல்லுவேன். தம்ளரு கழுவியிருக்கு, டீ குடிச்சிருக்காரும்மான்னு."

முனிரத்தினம்மா சைக்கிளைக் கொண்டுவந்து என் பக்கத்தில் நிறுத்தினார். மடியில் செருகி வைத்திருந்த பனியன் வேஸ்ட்டை என்னிடமே நீட்டினார். வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். அழுதுவிடக் கூடாது என்று ராயக்கோட்டை மலையைப் பார்த்தபடி நின்றேன். பனி போய் மலை முழுசாகத் தெரிந்தது. ஆனாலும் அழுதேன்.

"தம்பி, ஒங்க அம்மா பேரு என்ன?" என்று போனில் கேட்டேன்.

"ராஜாமணிண்ணே. ஏண்ணே?"

"சும்மாதான்" என்றேன்.

கீழ்க் கோடு

தையில் வேடியப்பனுக்குப் பொங்கல் வைப்பார்கள், இரண்டு பேரும் சேர்ந்து வரவேண்டும் என்று முனிரத்தினம்மா உத்தரவு போட்டிருந்தார். ஒரே நாளில் விடுமுறை வாங்க இருவரும் படாத பாடு பட்டோம். நான் சூப்பர்வைசரிடம் பல்லைக் காட்டி நாளை மாற்றி வாங்கினேன். இன்னொரு சைக்கிள் வாடகைக்குக் கிடைக்குமா என்று மத்திகிரி வரை போய் விசாரித்துவிட்டு வந்தேன்.

பொங்கலுக்குள் அவன் கம்பெனியில் காண்ட்ராக்ட் ஆட்களை நிறுத்திவிட்டார்கள். குஜராத்தில் வேலை இருக்கிறது, உடனே வந்தால் உண்டு என்று அவன் ஊர்க்காரர் ஒருவர் சொன்னாராம். அவன் ரயில் ஏறிய நேரத்தில் நான் பிரஸ் மெஷின் முன்னால் நின்றிருந்தேன், எங்கள் கம்பெனியிலும் போன் கேட்டில்தான் இருந்தது. ஷிப்ட் முடிந்து எடுத்துப் பார்த்தால் அவன் அழைத்த அழைப்புகள் வரிசையாகக் கிடந்தன. திருப்பி அடித்தேன். சிக்னல் விட்டு விட்டு வந்தது. "அண்ணே, ஒடம்பப் பாத்துக்கங்க" என்பது மட்டும் தெளிவாகக் கேட்டது.

அறைக்கு வந்தேன். தம்ளர் கவிழ்ந்திருந்தது. பாயைத் தொட்டுப் பார்த்தேன். சில்லென்று இருந்தது.

வெளியே சைக்கிள் துடைத்துப் பளபளவென்று நின்றது. அன்றைக்குப் புதன்கிழமைகூட இல்லை. வெறுமனே ஏறி உட்கார்ந்தேன். இரண்டு காலும் தரையில் எட்டின. குனிந்து பார்த்தேன். சீட்டு கீழ்க் கோட்டில் இருந்தது. கிளம்புகிற அவசரத்திலும் ஸ்பேனரை எடுத்து எனக்காக இறக்கி, முடுக்கி வைத்துவிட்டுப் போயிருக்கிறான்.

பொங்கலுக்கு நான் தனியாகத்தான் போனேன். ஏற்றத்தில் மணிச் சத்தம் கேட்டதும் முனிரத்தினம்மா ஓடி வந்தார். எனக்குப் பின்னால் சாலையைப் பார்த்தார். யாரும் இல்லை. விஷயத்தைச் சொன்னேன். கற்பூரம் ஏற்றுகிறபோது, யார் பேருக்குப்பா அர்ச்சனை என்று சென்னப்பா கேட்டார். "முருகானந்தம். பட்டுக்கோட்டை ராஜாமணி மகன்" என்றேன். "ஒனக்கு என்னா வேணும்?" என்று அந்த மனுஷன் மறுபடி கேட்டார். வேண்டுமென்றுதான் கேட்டார். "என் தம்பி" என்று வேடியப்பன் முன்னால் சொன்னேன்.

முருகு இப்போதும் குஜராத்தில்தான் இருக்கிறான். கல்யாணமாகிவிட்டது. எப்போதாவது பேசுகிறோம். நானும் அதே அறையில்தான் இருக்கிறேன், புதன்கிழமை இப்போதும் கிளம்புகிறேன், போனையும் எடுத்துக்கொண்டு. மணியில் துணி இல்லை. சாயங்காலம் திரும்பி வந்ததும் சைக்கிளை நிறுத்தி, ஸ்பேனரை எடுத்து, சீட்டை மேல் கோட்டுக்கு ஏற்றி முடுக்கி வைக்கிறேன். அடுத்த புதன்கிழமை காலையில் அதை இறக்கிக்கொண்டு கிளம்புவேன்.